பொன்னுரங்கம் ஓடமாட்டான்

அந்த உலகத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள்.
ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் போதும்,
மூச்சு வாங்காது, வேர்க்காது,
மலையிலிருந்து குதித்தாலும்
இரண்டு சொட்டு உயிர்தான் குறையும்.
என் பொன்னுரங்கம் மட்டும் நடப்பான்.
இடது கால் கொஞ்சம் இழுக்கும்.
விளையாட்டில் அதற்கு வசதி கிடையாது.
நாலு அடிக்கு ஒருமுறை
விரலை எடுத்து எடுத்து
நானேதான் நொண்ட வைக்கிறேன்.

அயனாவரம், மூன்றாம் மாடி, இரவு பதினொன்றரை.
பகலில் அண்ணா சாலையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்,
அடுத்தவர் விபத்தை நம்பாமல் இருப்பது என் உத்தியோகம்.
எந்தப் பக்கம் விழுந்தீங்க, யார் பார்த்தது, போட்டோ இருக்கா?
மேடம், மேடம் என்பார்கள்.
ராத்திரியில் இல்லாத ஒரு காலுக்காக
சாட்சியே இல்லாமல் விந்துகிறேன்.

முதலில் நானும் வாள்காரிதான்.
எண்பத்தேழாம் லெவல், நெருப்புக் கவசம்,
கொன்ற டிராகன்களுக்குக் கணக்கில்லை.
ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன்:
இவளுக்கு எந்தக் காய் பிடிக்காது?
யாரிடம் கடன் வாங்கியிருக்கிறாள்?
தெரியவில்லை.
அழித்துவிட்டேன்.

பொன்னுரங்கத்துக்கு வெண்டைக்காய் ஆகாது.
தம்பிக்கு நாற்பது வெள்ளி தர வேண்டும்,
தரமாட்டான்.
தோணிக்காரன், நீச்சல் தெரியாது.
இந்த ஒரு ரகசியம் போதும்
ஒரு வருஷம் விளையாட.

"சீக்கிரம்ணே, அக்கரையில பூதம் வந்துடுச்சு" என்று ஏறுவார்கள்.
தண்ணீர்மேல் ஓடும் மந்திரம் வைத்திருப்பவர்கள்
ஏறுவதே இல்லை.
ஒருத்தன் துடுப்புக்காக என்னை எட்டு முறை கொன்றான்.
எட்டு முறையும் எழுந்து
"கூலி ரெண்டு காசு" என்றான் பொன்னுரங்கம்.
ஒன்பதாவது முறை
கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

அப்புறம் அவள். மூலிகைக்காரி, பெயர் கடுக்காய்.
துறைவரைக்கும் வந்தாள், ஏறவில்லை.
"தண்ணின்னா பயம்."
பொன்னுரங்கம் வெகுநேரம் பேசவில்லை
(நான் எழுந்துபோய் ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்தேன்).
"எனக்கும்" என்றான்.
அன்றிலிருந்து கரையோரமாகவே நடக்கிறோம்,
என் காலுக்கு ஏற்ற நடையில்.
அக்கரையில் பூதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஐப்பசி.
ஜன்னலில் மின்னல், திரையில் நல்ல வெயில்.
"அய்யோ இடி" என்று கடுக்காய் காதைப் பொத்தினாள்.
எனக்கு இன்னும் கேட்கவில்லை.
எண்ணினேன். பதினொன்றில்
கதவு அதிர்ந்தது.
அப்படியானால் கடல் பக்கம். ராயபுரமா, காசிமேடா?
ஆபீஸ் புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது.
கேட்டிருக்கலாம்.
பொன்னுரங்கம் அந்த வெயிலில் வானத்தைப் பார்த்து
"மழ வரும்போல. தோணியக் கவுக்கணும்" என்றான்.

அத்தோடு கரண்ட் போனது.

மோடத்தில் பொட்டு வெளிச்சம் இல்லை.
போனில் நாலு சதவீதம், கொசு வேறு.
தொடர்பு அறுந்தால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும் உருவம்,
அடித்துப் பிடுங்க அதுதான் நேரம்.
எவ்வளவு வைத்திருக்கிறான்? பதினேழு காசு.
பதினேழு காசுக்கா எனக்கு இப்படி அடித்துக்கொள்கிறது?

ஒன்றேகாலுக்கு ஃபேன் சுற்றியது.
உள்ளே போனபோது அவன்முன் தீ எரிந்துகொண்டிருந்தது.
பத்து நிமிஷத்துக்கு ஒரு சுள்ளி போடாவிட்டால்
அணைந்துவிடும் தீ.
பக்கத்தில் செத்த ஓநாய் ஒன்று,
மருந்து இடிக்கிற உலக்கையால் அடித்தாளோ என்னவோ.
தோணி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.
அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நன்றி என்று அடித்தேன். அனுப்பவில்லை.
அது என் சொல், அவனுடையது இல்லை.
எழுத்தெழுத்தாக அழித்தேன்.
பொன்னுரங்கம் கொட்டாவி விட்டு
சோம்பல் முறித்து
"எவ என் தோணியத் தொட்டது?" என்றான்.

"கவுத்த கூலி ரெண்டு காசு" என்றாள் கடுக்காய்.

தரமாட்டான்.
அவனை எனக்குத் தெரியும்.